அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. எண்ணெய் ஸ்நானம், கொஞ்சம் தடபுடலான சாப்பாடு, மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் யாராவது விருந்தாளி என்று ஏதாவது இருக்கும். நான் வளர்ந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே இரண்டு சத்தங்கள்தான். விடிவதற்கு முன்னால் வாசற்கதவு ஒரு தடவை கிறீச்சிடும், அப்பா போகிறார். இருட்டின பிறகு இன்னொரு தடவை கிறீச்சிடும், அப்பா வந்துவிட்டார். நடுவில் இருக்கிற பன்னிரண்டு மணி நேரமும் அம்மாவுக்குச் சொந்தம். 'சொந்தம்' என்று நான் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வாள்.

கணவனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள வேண்டுமென்றால் நம்மில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. ஒருத்திக்குச் சீட்டாட்டம், ஒருத்திக்கு ஆபீஸ், இன்னொருத்திக்கு மாமியார். என் அம்மாவுக்கு வாய்த்த சக்களத்தி ஒரு மீன்.

சிரிக்காதீர்கள். டிரவுட் மீன் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஊட்டிக்குப் போய் ரோஜாத் தோட்டத்தையும் படகையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள நியாயமில்லை. ஊட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி எமரால்டு, அவலாஞ்சி என்று அடுத்தடுத்து இரண்டு அணைகள் இருக்கின்றன. குந்தா நீர்மின் திட்டத்துக்காக, கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கானடா தேசம் உதவி செய்ய, 1961-ல் கட்டி முடித்தவை. 1823-ம் வருஷம் ஏற்பட்ட ஒரு பெரிய மண்சரிவினால் அவலாஞ்சி என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் திட்டத்தில்தான் அப்பாவுக்கு உத்தியோகம். 1984-ல் எமரால்டு காம்புக்கு வந்தவர், 2014-ல் ஓய்வு பெறும் வரையில் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. 1986-ல் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அம்மாவைக் கல்யாணம் பண்ணி அழைத்து வந்தார். சுற்றிலும் மலை, மூடுபனி, பேச்சுத் துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி. வாரம் பூராவும் அப்பாவுக்கு ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பார் என்று பார்த்தால், முதல் மாதமே தூண்டிற் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு அணைக்கரைக்குக் கிளம்பிவிட்டார்.

டிரவுட் நம் ஊர் மீன் அல்ல. இந்த வானவில் டிரவுட்டுக்குப் பிறந்தகம் பசிபிக் சமுத்திரத்தை ஒட்டிய அமெரிக்க ஆறுகள். மலைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் இருந்தது, உருளைக்கிழங்கு விளைந்தது. தூண்டிலுக்கு மட்டும் அவர்கள் மனசுக்குப் பிடித்த மீன் இல்லை. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர், மீன் சாஸ்திரத்தில் பெரிய நிபுணர், முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. கடல் கடந்து, சமவெளி வெயிலையும் தாண்டி உயிரோடு மலையேறுவது லேசா? பிற்பாடு எச். சி. வில்சன் என்பவருடைய விடாமுயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் ஒரு குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. அதன் பிறகுதான் அந்த மீன் நீலகிரியில் வேர் பிடித்தது.

வேர் பிடித்ததே தவிர, சுபாவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். 20 டிகிரிக்கு மேல் போனால் உடம்புக்கு ஆகாது. கலங்கல் கூடாது. அணையின் தேங்கின நீரில் சுற்றித் திரியும், தின்று கொழுக்கும். ஆனால் முட்டையிடுவதென்றால் ஓடுகிற ஓடைதான் வேண்டும். குளிர்காலத்தில் ஓடையில் ஏறிப் போய், சரளைக்கல்லில் குழி பறித்து முட்டை இடுகிறது. பொரிப்பகத்திலோ பெண் மீனின் வயிற்றைக் கையால் மெள்ள வழித்து முட்டையை வாங்குகிறார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் தட்டுகளில் பரப்பிப் பல வாரம் காவல் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கவனிப்பு உண்டா என்பது சந்தேகம்.

சரி, அப்பாவின் தூண்டிலுக்கு வருகிறேன். நம் ஆற்றங்கரைப் பையன்கள் செய்கிற மாதிரி முள்ளில் மண்புழுவைக் குத்தித் தக்கையைக் கட்டி மிதக்கவிட்டிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். 'ஈ'தான் போடுவார். நிஜ ஈ அல்ல. சின்னஞ்சிறு தூண்டில் முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, ஒரு இறகை வைத்துக் கட்டி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரி ஜோடனை செய்வது. அதற்கு மிகவும் சிலாக்கியமானது சேவலின் கழுத்து இறகு. எங்கள் வீட்டில் சேவல் உண்டு. அம்மாவின் தையல் டப்பாவில் நூலும் உண்டு. அப்புறம் கேட்பானேன்!

"சேவலின் கழுத்தைப் பார்த்தால் போதும், ஞாயிறு நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்" என்பாள் அம்மா. சனிக்கிழமை ராத்திரிகளில் அப்பா விளக்கடியில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஈ கட்டுவார். அம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் தைப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே நூல்கண்டு. அது எந்தப் பக்கம் உருளுகிறதோ, அந்தப் பக்கம் ஜயம்.

ஞாயிறு இரவு கதவு கிறீச்சிட்டதும் அப்பா ஒரு பையைச் சமையற்கட்டு வாசலில் வைப்பார். "மீன்" என்பார். அவ்வளவுதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவாள். கத்தியால் செதில் தேய்க்கிற சத்தம் 'கரக், கரக்' என்று வெகுநேரம் கேட்கும். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கோபமும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

2022-ல், கோயமுத்தூர் வீட்டில், அப்பா போய்விட்டார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 2024 மார்ச்சில் நான் சென்னையிலிருந்து லீவில் போயிருந்தபோது, பரண் மேலிருந்து சாமான்களை இறக்கினோம். துணி உறையில் சுற்றின தூண்டிற் கம்பும், ரீலும், பிஸ்கட் டப்பா நிறைய ஈக்களும் வந்தன. நான் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னாள்:

"என்னை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போடி."

"எங்கேம்மா?"

"அந்தக் கரைக்கு. இருபத்தெட்டு வருஷம். மழைக்காலத்தைத் தள்ளிவிட்டு, வருஷத்துக்கு நாற்பது ஞாயிறு என்று வைத்துக்கொள். ஆயிரத்து நூற்றி இருபது ஞாயிறு. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே, நான் பார்க்க வேண்டும்."

அம்மா மனக்கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு அதுவரையில் தெரியாது. யோசித்துப் பார்த்தால், அது அப்போது போட்ட கணக்காக இருக்க முடியாது.

அனுமதி வாங்குவதற்காக நான் ஓர் அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கினதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். ஆசிரியர் இடம் கொடுக்க மாட்டார். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவும் நானும் எமரால்டு போய்ச் சேர்ந்தோம். அங்கே எங்களுக்காக மீன் மாமா காத்திருந்தார். அவர் அப்பாவோடு வேலை பார்த்தவர், வயதில் இளையவர். ஓய்வு பெற்றபின் சொந்தக் கிராமத்தில் காரட்டும் முட்டைகோசும் பயிர் செய்கிறார். சின்ன வயதில் நான் வைத்த பெயர்தான் மீன் மாமா. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக்கு அவரும் பங்காளி. ஆகவே அம்மாவுக்கு அவர் மேலும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். அம்மா கம்பளிச் சால்வைக்கு அடியில் பளிச்சென்று மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். மாமா பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க அண்ணி, வேற பொடவை இல்லீங்களா? மீனுக்குக் கண் ரொம்பக் கூர்மைங்க."

"மீன் பார்க்கிறதுக்கு நான் பெண்ணா, தம்பி?" என்றாள் அம்மா. இருந்தாலும் சால்வையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வாசகிகளே, அணைக்கரையிலிருந்து டிரவுட்டுக்குத் தூண்டில் போடுவதைப் பற்றி அன்று காலை நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கோடையில் அணையின் நீர் இறங்கிவிடுகிறது. பசும்புல் முடிகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், பாவாடைக்குக் கரை தைத்த மாதிரி, சிவப்பு மண் பட்டையாகத் தெரிகிறது. அந்தக் கரை ஓர் இடத்தில் நிற்பதில்லை. சாயங்காலம் நீங்களும் நானும் ஊரில் விளக்கைப் போடுகிறோம், மிக்ஸியைத் திருகுகிறோம். அதற்காக இங்கே தண்ணீர் சுரங்கத்தில் இறங்குகிறது. நேற்று நனைந்த கல் இன்று உலர்ந்து கிடக்கிறது. அங்கே மீன் பிடிக்கிறவன் கல்லை அடையாளம் வைக்க முடியாது. மலையைத்தான் வைக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மீன் எல்லாம் நடுத் தண்ணீரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முழங்கால் மட்டும் இறங்கி, பலத்தையெல்லாம் கூட்டித் தூர வீசுவார்கள். விடியற்காலையில் டிரவுட் கரையோரம்தான் சுற்றுகிறது. பூச்சியும் புழுவும் அங்கேதான் விழுகின்றன. ஆகவே மீன் இருக்க வேண்டிய இடத்தில் இவர்கள் நின்றுகொண்டு, மீன் இல்லாத இடத்தில் தூண்டிலைப் போடுகிறார்கள்! காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ, அந்தக் கரையில் தீனி ஒதுங்கும். அங்கே நிற்க வேண்டும். ஓடை வந்து விழுகிற வாய் இன்னும் நல்லது, நீர் குளிர்ந்திருக்கும். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. தடதடவென்று நடக்கவும் கூடாது. மண்ணின் அதிர்ச்சி நீருக்குள் போய்ச் சொல்லிவிடுமாம்.

ஈத் தூண்டிலை வீசுவது ஒரு தனி வித்தை. முள்ளில் கனமே கிடையாது. கயிற்றின் கனம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். கம்பை மேலே தூக்கிக் கயிற்றைப் பின்பக்கம் பறக்கவிட்டு, அது நீளும் வரையில் ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணம்தான் எனக்கு வரவில்லை. முதல் வீச்சில் என் துப்பட்டாவைப் பிடித்தேன். இரண்டாவது வீச்சில் ஒரு புதர். மூன்றாவதில் அம்மாவின் கொண்டை. மாமா பொறுமையாக வந்து கொண்டையிலிருந்து முள்ளை எடுத்தார். அம்மா அசையவில்லை.

"அவரும் இப்படித்தானா ஆரம்பத்தில்?" என்று மட்டும் கேட்டாள்.

"அண்ணன் என் காதைப் பிடிச்சாருங்க" என்றார் மாமா.

அம்மா சிரித்துவிட்டாள். அந்தக் கரையில் அம்மா சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு சோலை நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையைப் பிரித்தோம். எதிர்க்கரையில் இரண்டு காட்டெருமைகள் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. நான் பத்திரிகைக்காரி அல்லவா? சும்மா இருக்க முடியவில்லை. மாமாவைக் கேட்டேன்: "அப்பா இத்தனை வருஷத்தில் எத்தனை டிரவுட் பிடித்திருப்பார், மாமா? வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டு வருவாரே!"

மாமாவின் கையில் இருந்த கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், புளியோதரையில் கடலைப் பருப்பைத் தேடினார்.

"தம்பி, நீங்கள் சங்கடப்பட வேண்டாம்" என்றாள் அம்மா. "அது கடைவீதியில் வாங்கின கெண்டை. எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா! உனக்கு எப்போது தெரியும்?"

"எப்போதா? முதல் வாரமே தெரியும். கழுவுகிறவள் நானில்லையா? டிரவுட்டுக்குச் செதில் தேய்க்கிற வேலையே கிடையாதுடி. இருக்கிறதே தெரியாத பொடிச் செதில். கையால் வழித்தால் வழுக்கிக்கொண்டு போகும். உங்கப்பா கொண்டுவந்த மீனுக்குக் காலணா அகலம் செதில். வாயோரம் மீசை வேறு. மீசை முளைத்த டிரவுட் எந்தத் தேசத்தில் இருக்கிறது?"

வாசகிகளில் மீன் சமைக்கிறவர்களுக்கு இது புரியும். சாதாக் கெண்டைக்கு வாயின் இரு பக்கமும் சின்ன மீசைகள் உண்டு. அதுவும் நீலகிரிக்கு வந்தேறிதான். 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். டிரவுட்டுக்கு மீசை இல்லை. பதிலாக, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில், தைக்க மறந்துபோன துணித்துண்டு மாதிரி குட்டியாக ஒரு சதைத் துடுப்பு இருக்கும். பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். உடம்பெங்கும் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளி.

"அப்படியானால் ஏனம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"கேட்டு? 'மீன்' என்றுதானே சொன்னார். டிரவுட் என்று ஒரு நாளும் சொல்லவில்லையே. பாவம், பகலெல்லாம் காய்ந்துவிட்டு ஒன்றும் அகப்படாமல், வெறுங்கையோடு வர வெட்கப்பட்டுக்கொண்டு நாலு காசு கொடுத்து வாங்கி வருகிறார் என்று நினைத்தேன். அந்த மட்டும் வெட்கம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்."

இப்போது மாமா கவளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணி, அது மட்டும் இல்லீங்க. அண்ணனுக்கு அகப்படாம இல்லை. இந்தக் கரையில அவரு கைக்கு மிஞ்சின கை கிடையாது. பிடிப்பாருங்க. பார்ப்பாருங்க. தண்ணிக்குள்ளேயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்டுடுவாருங்க."

"ஏன்?"

மாமா தயங்கினார். "நீங்க சொன்னீங்களாமே?"

"நானா? நான் என்ன சொன்னேன்?"

1987 டிசம்பரில் அப்பா ஒரு டிரவுட் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதுதான் எங்கள் சமையற்கட்டு கண்ட முதல் டிரவுட்; கடைசி டிரவுட்டும் அதுதான். அம்மா அதை அறுத்தபோது வயிறு நிறைய ஆரஞ்சு மணிகளாக முட்டை. அப்போது அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன். கத்தியை வைத்துவிட்டு, "அடி பாவமே, இதுவும் என்னைப் போல வாயும் வயிறுமாக இருந்திருக்கிறதே!" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குழம்பு வைத்து, அப்பாவுக்குப் பரிமாறி, மறந்தும் போய்விட்டாள். அப்பா மறக்கவில்லை. மறு ஞாயிறு பிடித்ததை விட்டுவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். குளிர்காலம் முடிந்து மீன்கள் முட்டையிட்டு ஓய்ந்த பிறகும் ஏனோ அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு போனால் அம்மா கேட்பாளே என்று கடைவீதியில் கெண்டை!

அம்மா வெகுநேரம் பேசவில்லை. புளியோதரைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போய் நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்தபோது முகத்தையும் கழுவியிருந்தாள்.

"இதை வீட்டில் வந்து என்னிடம் சொன்னால் என்ன, தம்பி? வாயில் என்ன கொழுக்கட்டையா?"

அதற்கு மாமா என்ன பதில் சொல்வார்? எனக்கும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். முப்பத்தாறு வருஷம் ஒரு வீட்டில், ஒரு நூல்கண்டை இழுத்துக்கொண்டு வாழ்ந்த இரண்டு பேரில், ஒருவர் கெண்டை என்று தெரிந்தும் கேட்கவில்லை. மற்றவர் ஏன் கெண்டை என்று சொல்லவில்லை. அம்மாவின் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மத்தியானம் முழுவதும் இடையிடையே, "ஆயிரத்து நூற்றி இருபது!" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பகல் பூராவும் இங்கே என்னதான் பேசுவார்?" என்று கேட்டாள் ஒரு தடவை.

"பேசவே மாட்டாருங்க. பொழுது சாயறப்போ மட்டும் தண்ணியைக் காட்டி, 'இது நம்ம ஊருக்குத்தான் போகுது'ன்னு சொல்வாருங்க."

அது வாஸ்தவம். எமரால்டு தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கிக் கெத்தையில் ஒரு மின்நிலையத்தையும், பரளியில் ஒன்றையும் சுற்றிவிட்டுப் பில்லூருக்குப் போகிறது. கோயமுத்தூர் வாசகிகளே, உங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்தான். மிச்சம் பவானி ஆறாகிப் பவானிசாகர் சேர்ந்து, சத்தியமங்கலத்தைத் தாண்டிக் கோபிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அப்பாவுக்குச் சத்தியமங்கலம். ஆற்றில் நீந்திக் கெளுத்தி பிடித்து வளர்ந்தவர். பாட்டி அங்கே தனியாக இருந்தாள். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று கடைசி வரையில் காம்புக்கு வந்ததில்லை.

"எனக்கும் அதே தண்ணீர்தானே? நானும் கோபிதானே?" என்றாள் அம்மா. "என்னையும் கூட்டிவந்து காட்டியிருக்கலாமே. ஒரு ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்க மாட்டேனா?"

நாலரை மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போயிற்று. காற்று திரும்பிற்று. மாமா எங்களை ஓடை வந்து விழுகிற இடத்துக்கு அழைத்துப் போனார். "ஆறு மணிக்குள்ளே கிளம்பிடணுங்க, காட்டு மாடு இறங்கும்" என்று எச்சரித்துவிட்டு, பிஸ்கட் டப்பாவிலிருந்து பழுப்பு இறகு வைத்த ஓர் ஈயைப் பொறுக்கிக் கட்டினார். அந்த இறகு எங்கள் பழைய சேவலின் உபயம்; அதைப் பார்த்ததும் அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். மாமா அதைப் பதமாக வீசிவிட்டுக் கம்பை என் பக்கம் நீட்டினார்.

"அவளிடம் வேண்டாம், இன்னொரு தடவை என் கொண்டை தாங்காது" என்று அம்மா கையை நீட்டினாள்.

வலது கையில் கம்பு. இடது கையால் கயிற்றைச் சிறுகச் சிறுக இழுக்க வேண்டும். இழுப்பதும் நிறுத்துவதும் ஒரே சீராக இருக்கக்கூடாது. பூச்சி தத்தளிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பூத்தொடுக்கும்போது நாரை இழுப்பாளே, அதே விரல்கள், அதே நிதானம். மாமா வீசிக் கொடுத்தார், அம்மா இழுத்தாள். மறுபடி வீசினார், இழுத்தாள். பத்துத் தடவை, இருபது தடவை. எனக்குக் கால் மரத்துவிட்டது. அம்மா நின்ற இடத்தில் நின்றாள். காத்திருக்கிறதில் அம்மாவுக்கு நிகர் யார்?

திடீரென்று கயிறு விறைத்தது. கம்பு வில்லாக வளைந்தது.

"கம்பைத் தூக்குங்க அண்ணி! கயித்தை விடுங்க! இழுக்கிறப்போ விடுங்க!"

பத்தடிக்கு அப்பால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் எழும்பியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றாற்போல் இருந்தது. வெள்ளி, பக்கத்தில் ரோஜா நிறம். சொத்தென்று விழுந்தது. அம்மா வாயைத் திறந்துகொண்டு நின்றாள். ஆனால் கை அதுபாட்டுக்கு விட்டது, வாங்கிற்று, விட்டது, வாங்கிற்று. ஐந்து நிமிஷம் இருக்கலாம். எனக்கு ஒரு சினிமா பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் மாமா குனிந்து வலையில் அதை ஏந்தினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையால் ஒரு தடவை தலையிலிருந்து வால் வரைக்கும் வழித்தாள். "ஆமாம், இதுதான்" என்றாள்.

மாமாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "விட்டுடலாங்களா, அண்ணி? அண்ணன் மாதிரி..."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இதற்கு வயிறு இருக்கிறதா?"

"சித்திரை மாசங்க. இப்போ இருக்காதுங்க."

"அப்படியானால் பையில் போடுங்கள்" என்றாள் அம்மா.

அன்றிரவு மாமாவின் வீட்டுச் சமையற்கட்டில் அம்மாவே மீனைக் கழுவினாள். பழக்க தோஷத்தால் கத்தியைச் செதில் தேய்க்க எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு கீழே வைத்தாள். உப்பும் மஞ்சளும் மிளகும் மட்டும் தடவி, நல்லெண்ணெயில் முறுகாமல் வறுத்தாள். சதை லேசான ரோஜா நிறம், முள் குறைவு, வெண்ணெய் மாதிரி விண்டு வந்தது. மிளகாய் அரைத்து ஊற்றினால் இதன் ருசி செத்துப்போகும் என்று அம்மா அபிப்பிராயம் சொன்னாள். 1987-ல் புளிக் குழம்பு வைத்தது தப்பு என்றும் ஒப்புக்கொண்டாள். அப்பா போனபிறகு அம்மா மீன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. விரதம் ஒன்றும் இல்லை. யாரும் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான் என்பாள். அன்று நடுத் துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆபீஸில் வேலை மும்முரமாக இருந்த சமயம் அம்மாவிடமிருந்து டெலிபோன்.

"ஏண்டி, உங்கள் ஊரில் நல்ல பட்டு நூல் கிடைக்குமாமே. பழுப்பில் இரண்டு கண்டு, சாம்பல் நிறத்தில் ஒரு கண்டு வாங்கி அனுப்பு. மெல்லிசாகப் பார்த்து வாங்கு."

"எதற்கம்மா? ரவிக்கைக்கா?"

"ரவிக்கைக்குச் சாம்பல் நூலா? கறிக்கடைக்காரரிடம் சேவல் கழுத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த டப்பாவில் இருக்கிறதெல்லாம் பூச்சி அரித்துப் போயிருக்கிறது."